தடமறிந்த வலவர்

விரைந்து செல்லுதல் எளிது. விரைவை ஆளுதல் அரிது. குதிரையைத் தட்டி ஓடவிடுதல் எவர்க்கும் இயலும். வேண்டிய இடத்தில் கடிவாளத்தை இழுத்து அதனைத் தன்வயப்படுத்துபவனே நல்ல பாகன். தேர் செலுத்துவதில் வல்லவனை நம் பழந்தமிழ்ப் புலவர்கள் வலவன் என்று வழங்கினர். தேர்க்குதிரைக்குப் பொருந்திய அவ்விலக்கணம் பெட்ரோலால் இயங்கும் காருக்கும் பொருந்தும். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர் ஹுவான் மானுவேல் ஃபாங்கியோ என்னும் அர்ஜென்டினா நாட்டு வீரர். மோட்டார்ப் பந்தயத்தில் ஐந்து முறை உலக முதன்மை எய்திய அப்பெரியாரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இளமையும் தொழிலும்

தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினாவில் பால்கார்சே என்பதோர் ஊர். உருளைக்கிழங்கு விளைச்சலுக்குப் பேர்பெற்றது. இத்தாலியிலிருந்து வந்து அங்குக் குடியேறிய எளிய குடும்பமொன்றில் 1911ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் ஃபாங்கியோ பிறந்தார். பிள்ளைகள் அறுவர், செல்வமோ இல்லை. ஆதலின் அவர் 13ஆம் வயதில் பள்ளியை விட்டு, மோட்டார்ப் பட்டறை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார்.

பள்ளி கைவிட்ட இளைஞருக்குப் பட்டறையே கல்விக்கூடமாயிற்று. எஞ்சினைப் பிரித்தல், துடைத்தல், பழுது நீக்கல், மீண்டும் பூட்டல் ஆகியவற்றை அவர் கையால் செய்தே கற்றார். எந்த உறுப்பு எவ்வளவு பொறுக்கும், எந்த அளவைக் கடந்தால் முறியும் என்பதெல்லாம் அவருக்கு அங்கேயே தெளிவாயின. இவ்வறிவே பிற்காலத்தில் அவரைப் பிற வீரரினின்றும் வேறுபடுத்தியது. பலர் வண்டியை அடித்து ஓட்டினர். அவரோ அதன் இயல்பறிந்து ஓட்டினார்.

இளமையில் கடுமையான நுரையீரல் அழற்சி அவரைத் தாக்கியது. தாயாரின் அன்பான பணிவிடையால் அவர் உயிர் பிழைத்தார். பின்னர்ச் சொந்த ஊரிலேயே நண்பருடன் கூடிப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1936ஆம் ஆண்டில், வாடகைக்கு ஓடிய பழைய ஃபோர்டு கார் ஒன்றைப் பந்தயத்திற்கு ஏற்பத் திருத்தி, முதன்முறையாகப் போட்டியில் இறங்கினார். 1940ஆம் ஆண்டு பியூனஸ் ஐரிஸ் நகரிலிருந்து ஆண்டிஸ் மலைகளைக் கடந்து பெரு நாட்டு லிமா நகர் சென்று மீளும் நெடும்பந்தயம் நடந்தது. அதன் தொலைவு 9,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. புழுதியும் பனியும் நிறைந்த அவ்வழியில் வண்டி பழுதுபட்டால் ஓட்டுபவரே செப்பனிட்டுக்கொள்ள வேண்டும். அப்பந்தயத்தில் ஃபாங்கியோ வெற்றி பெற்றார்.

வெற்றியோடு துயரமும் வந்தது. 1948ஆம் ஆண்டு நடந்த நெடும்பந்தயம் ஒன்றில் பெரு நாட்டில் அவருடைய வண்டி உருண்டது. உடன் சென்ற துணைவர் இறந்தார். பந்தயத்தின் விலை சில வேளைகளில் மனித உயிராகும் என்பதை ஃபாங்கியோ அன்று நேரிற் கண்டார்.

கூர்ந்த நோக்கு

1949ஆம் ஆண்டு அவர் ஐரோப்பாவிற்குச் சென்றார். மறு ஆண்டில் உலக முதன்மைப் போட்டி தொடங்கியது. அவ்வாண்டு மொனாக்கோ நகரத் தெருக்களில் நடந்த பந்தயத்தில், முதற்சுற்றிலேயே பல கார்கள் ஒன்றோடொன்று மோதி வழியை அடைத்தன. முன்னே சென்றுகொண்டிருந்த ஃபாங்கியோ இதனை அறியார். இரண்டாம் சுற்றில் அவ்வளைவை நெருங்கியபோது, பார்வையாளர் முகங்கள் தம்மை நோக்காமல் வேறு திசை நோக்கியிருத்தலைக் கண்டார். முதல்வனாக வருபவனைக் காணாது மக்கள் வேறெதையோ காண்பார்களாயின் அங்கே ஏதோ தீங்கு நேர்ந்திருக்க வேண்டும் என உணர்ந்தார். உடனே வேகத்தைக் குறைத்தார். இடர் தப்பிப் பந்தயத்தையும் வென்றார். கண் காணும், கருத்தன்றோ பொருள் கொள்ளும்?

1951ஆம் ஆண்டு, தம் 40ஆம் வயதில், அவர் முதன்முறையாக உலக முதன்மை எய்தினார்.

ஒரு பிழையும் அதன் பாடமும்

அறிவுடையாரும் ஒரோவழி அயர்வதுண்டு. 1952ஆம் ஆண்டு சூன் மாதம் வட அயர்லாந்தில் ஒரு பந்தயம். மறுநாளே இத்தாலியின் மொன்சாவில் மற்றொரு பந்தயம். இடையே விமானம் கிடைக்கவில்லை. எனவே ஃபாங்கியோ பாரிசிலிருந்து இரவு முழுவதும் தாமே காரோட்டி, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, பந்தயம் தொடங்குவதற்குச் சிறிது நேரமே இருக்கையில் மொன்சாவை அடைந்தார். உறக்கமில்லா அவ்வுடலோடு வண்டியில் ஏறினார். இரண்டாம் சுற்றில் வண்டி அவர் வசம் தவறி மண்மேட்டில் மோதியது. அவர் வெளியே தூக்கியெறியப்பட்டார், கழுத்தெலும்பு முறிந்தது. அவ்வாண்டின் எஞ்சிய பந்தயங்கள் எதிலும் அவர் கலந்துகொள்ள இயலவில்லை. எஞ்சினுக்கு ஓர் எல்லை உண்டு என்று அறிந்தவர், உடலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இவ்வாறு துன்பத்தின் வாயிலாக அறிந்தார். நலம் பெற்று மீண்டபின் 1954, 1955, 1956 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து உலக முதன்மை எய்தினார்.

நூர்பர்க்ரிங் வெற்றி

ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் நூர்பர்க்ரிங் என்னும் பந்தயத் தடம் 1927ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அதன் வடசுற்றின் நீளம் ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர். காட்டினூடே ஏறியும் இறங்கியும் எண்ணற்ற வளைவுகளோடு செல்லும் அத்தடத்தை மனப்பாடம் செய்தவரே விரைந்தோட்ட இயலும். வளைவு கண்ணுக்குப் புலப்பட்ட பின் எண்ணத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

வளைவைக் கடத்தற்கு ஒரு முறை உண்டு. நேர்வழியில் இருக்கும்போதே பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். பின்பு வளைவின் வெளிவிளிம்பிலிருந்து நுழைந்து, உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிவிளிம்பை நோக்கிச் செல்ல வேண்டும். இவ்வாறு சென்றால் வளைவின் கடுமை குறையும். சக்கரங்கள் தரையை விடா. மிகுந்த வேகத்தோடு நுழைபவன் வெளியேறும்போது தடுமாறி, பெற்றதை இழப்பான். அடக்கத்தோடு நுழைபவனே விரைவோடு வெளியேறுவான்.

1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் அத்தடத்தில் 22 சுற்றுப் பந்தயம் நடந்தது. ஃபாங்கியோவுக்கு அப்போது 46 வயது. மசராட்டி காரைச் செலுத்திய அவர், பாதியளவு பெட்ரோலோடு புறப்பட்டு இடையில் நிறுத்தி டயர்களை மாற்றிக்கொள்ளத் திட்டமிட்டார். ஏறத்தாழ அரை நிமிடம் முந்தியிருந்த நிலையில் நிறுத்தினார். ஆனால் டயர் மாற்றும் வேலை எண்ணியதினும் நீண்டது. ஃபெராரி கார்களில் சென்ற ஹாதார்ன், காலின்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் இருவரும் அவரை முந்தி முக்கால் நிமிடத் தொலைவிற்கு மேல் சென்றுவிட்டனர்.

ஃபாங்கியோ மனந்தளரவில்லை. வழக்கத்தினும் உயர்ந்த கியரில் வளைவுகளைக் கடந்து, சுற்றுதோறும் முன்னைய சாதனையை முறியடித்து வந்தார். முந்திய ஆண்டில் அவரே நிறுவிய சாதனை 9 நிமிடம் 41.6 வினாடி, இப்போதோ ஒரு சுற்றை 9 நிமிடம் 17.4 வினாடியில் முடித்தார். 21ஆம் சுற்றில் இருவரையும் கடந்து, 3.6 வினாடி முந்தி வென்றார். ஐந்தாம் முறையும் உலக முதன்மை அவருக்கே உரியதாயிற்று.

நிறுத்தத் தெரிந்த நெஞ்சம்

உலகம் அவ்வெற்றியைப் புகழ்ந்தது. ஃபாங்கியோவோ அதனைப் பெருமையாக மட்டும் கொள்ளவில்லை. தாம் அதுவரை அவ்வளவு துணிந்து ஓட்டியதில்லை என்றும், இனி அவ்வாறு ஓட்ட விரும்பவில்லை என்றும் வெளிப்படையாகக் கூறினார். எல்லையைத் தொட்டவர் அதனை எல்லை என்றே அறிந்தார். 1958ஆம் ஆண்டு சூலை மாதம் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் நடந்த பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றபின் போட்டிகளினின்றும் விலகினார். அன்று அதே பந்தயத்தில் இத்தாலிய வீரர் முசோ உயிரிழந்தார்.

அடுத்த மாதமே நூர்பர்க்ரிங் தடத்தில் காலின்ஸ் விபத்தில் மாண்டார். அவ்வாண்டின் உலக முதன்மையை எய்தி ஓய்வு பெற்ற ஹாதார்ன், 1959ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தின் பொதுச்சாலை ஒன்றில் விரைந்து காரோட்டிச் செல்கையில் இறந்தார். பந்தயத் தடத்தில் தப்பிய உயிர் பொதுச்சாலையில் போயிற்று!

ஃபாங்கியோ கலந்துகொண்ட உலக முதன்மைப் பந்தயங்கள் 51; வென்றவை 24. ஐந்து முறை முதன்மை எய்திய அவருடைய சாதனையை 2003ஆம் ஆண்டிலேயே மைக்கேல் ஷூமாக்கர் கடந்தார். ஃபாங்கியோ பந்தயக் களத்தில் அன்றி, 1995ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள், 84ஆம் வயதில் முதுமையில் மறைந்தார். அவர் பிறந்த பால்கார்சேயில் அவர் பெயரால் ஒரு காட்சிச்சாலை விளங்குகிறது.

நூர்பர்க்ரிங்கின் வடசுற்றில் ஃபார்முலா ஒன்று பந்தயங்கள் 1976ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. ஆயினும் குறித்த நாட்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி அத்தடத்தில் தம் வண்டிகளை ஓட்டுகின்றனர். அங்கு எதிர்வண்டி இல்லை. குறுக்கே ஓடும் குழந்தையும் இல்லை. அத்தகைய தடத்திலேயே அடக்கம் வேண்டுமெனின், முதியோரும் சிறுவரும் நடமாடும் நம் தெருக்களில் அது எத்துணை வேண்டும்! மாணவர்களே, நீவிரும் ஒருநாள் வண்டி செலுத்துவீர். விரைவதற்குமுன் நிறுத்தக் கற்றவரே வலவர் என்பதை ஃபாங்கியோவின் வாழ்க்கையினின்றும் உளங்கொள்வீராக.