திருப்புகழைத் தேடிக் கொடுத்த முன்சீப் - வ.த. சுப்பிரமணிய பிள்ளை

 

போன கிருத்திகை அன்னைக்கு சாயந்திரம் ஆபீஸிலிருந்து நேரா திருவான்மியூர் பாம்பன் சுவாமிகள் சமாதிக்குப் போயிருந்தேன். தரமணியில் வேலை, வீடு திருவான்மியூர். அதனால் எனக்கு இது போற வழிதான். உள்ளே நாலஞ்சு பேர் உட்கார்ந்து திருப்புகழ் பாடிட்டிருந்தாங்க. நம்ம ஊர் மேலயே அருணகிரியார் பாடின பாட்டும் வந்தது. முடிஞ்சதும் பக்கத்தில் இருந்த பெரியவர் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பாட்டெல்லாம் அச்சுல வர யார் காரணம் தெரியுமான்னு. எனக்குத் தெரியல. சின்ன வயசிலிருந்து திருப்புகழ் கேட்டு வளர்ந்தவன், இந்தக் கேள்வியை ஒரு நாளும் யோசிச்சதில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். படிச்சதை உங்களோட பகிர்ந்துக்கணும்னு தோணுச்சு.

அவர் பேர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. 1846-ல் பிறந்தவர். அவர் காவி கட்டினவர் இல்லை, மடாதிபதியும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்ற உத்தியோகஸ்தர், பிற்பாடு ஜில்லா முன்சீப். மனைவி, பிள்ளைகள், சம்பளம், ஊர் மாற்றல்னு நம்மை மாதிரி ஒரு குடும்பஸ்தர்.

கதை ஆரம்பிக்கிறது கோயிலில் இல்லை, கோர்ட்டில். 1871-ல் அவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்ற வேலையில் இருந்தார். சிதம்பரம் கோயில் சம்பந்தமா ஒரு வழக்கு வந்தது. தில்லை தீட்சிதர்கள் தங்களோட பெருமைக்கும் உரிமைக்கும் ஆதாரமா சில பழைய நூல்களைக் காட்டினாங்க. அதில் அருணகிரிநாதர் பாடின திருப்புகழ் ஒண்ணும் இருந்தது. வழக்கில் இருந்த மத்தவங்களுக்கு அது ஒரு சாட்சிக் காகிதம். இந்த இருபத்தஞ்சு வயசு இளைஞருக்கு அந்தப் பாட்டோட சந்தம் மனசுல போய் உட்கார்ந்துடுச்சு. ஒரு பாட்டே இப்படி இருந்தா மிச்சப் பாட்டெல்லாம் எங்கேன்னு தேட ஆரம்பிச்சார்.

அந்தத் தேடல் எவ்வளவு பெரிசுன்னு இன்னைக்கு நமக்குப் புரியறது கஷ்டம். அருணகிரியார் 15-ம் நூற்றாண்டுக்காரர். பதினாறாயிரம் பாட்டு பாடினார்னு சொல்றது மரபு. ஆனா சுப்பிரமணிய பிள்ளை காலத்தில் இதெல்லாம் ஒரே இடத்தில் கிடையாது. ஒரு ஊரில் ஓதுவார் வீட்டில் கொஞ்சம் ஏடு, இன்னொரு ஊரில் பரண் மேல கொஞ்சம், சில பாட்டு பாடறவங்க வாயில மட்டும். கரையான் அரிச்சது பாதி, ஆடிப்பெருக்கில் ஆத்தோட போனது மீதி. உ.வே. சாமிநாதையர் சங்க நூல்களுக்கும் காப்பியங்களுக்கும் அலைஞ்ச அதே காலம்தான் இது. இவர் முருகன் பாட்டுக்கு அலைஞ்சார். அதுவும் கோர்ட் வேலையைப் பார்த்துக்கிட்டே.

ஏடு கிடைச்சாலும் வேலை முடியாது. பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க, வச்சா ஓலை கிழிஞ்சிடும். எ-வா ஏ-வா, ஒ-வா ஓ-வான்னு தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்கு நடுவில் இடைவெளி கிடையாது. ஒரே பாட்டு ரெண்டு ஏட்டில் ரெண்டு விதமா இருக்கும். எது சரின்னு எப்படி முடிவு பண்றது?

இங்கேதான் எனக்கு ஒரு ஆச்சரியம். நான் கம்ப்யூட்டர்ல டேட்டா அனுப்பறப்போ வழியில் கெட்டுப் போச்சான்னு கண்டுபிடிக்க செக்சம்னு ஒண்ணு போடுவோம். திருப்புகழுக்குள்ளேயே அப்படி ஒண்ணு இருக்கு. அதுதான் சந்தம். தனன தானன்னு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குழிப்பு உண்டு. அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு அடியும் நடந்தாகணும். குறில் இருக்க வேண்டிய இடத்தில் நெடில் வந்தா, வல்லினத்துக்குப் பதிலா மெல்லினம் வந்தா, தாளம் இடிக்கும். அப்போ ஏடு தப்புன்னு தெரிஞ்சிடும். எழுதினவன் கை தவறினாலும் பாட்டு தன்னைத்தானே காப்பாத்திக்கிற மாதிரி அருணகிரியார் பாடி வச்சிருக்கார். ஆனா அதைக் கண்டுபிடிக்கக் காதும் பொறுமையும் உள்ள ஒருத்தர் வேணும் இல்லையா? அதுக்குத்தான் முருகன் இந்த முன்சீப்பைப் பிடிச்சு வச்சார்னு தோணுது.

கோர்ட்டில் முதல் பாட்டைக் கேட்டது 1871. திருப்புகழ் முதல் பாகம் அச்சில் வந்தது 1894 வாக்கில். நடுவில் இருபது வருஷத்துக்கும் மேல. ரெண்டாம் பாகம் 1901 வாக்கில் வந்தது. இது போக, சிவஸ்தலங்களைப் பத்தி சிவஸ்தல மஞ்சரின்னு ஒரு நூலும் எழுதினார். கடைசிக் காலத்தில் திருத்தணியில் தங்கி, 1909-ல் முருகன் திருவடியை அடைஞ்சார்.

அவர் வீட்டையும் பாருங்க. பிள்ளைகளில் ஒருத்தருக்கு சண்முகம்னு பேர் வச்சார், இன்னொருத்தருக்கு செங்கல்வராயன். ரெண்டும் முருகன் பேர். செங்கல்வராயன்ங்கிறது செங்கல்லோட சம்பந்தப்பட்டது இல்லை. திருத்தணி மலைச் சுனையில் பூக்கிற செங்கழுநீர்ப் பூவை வச்சு தணிகை வேலவருக்கு வந்த பேர்.

அந்த செங்கல்வராய பிள்ளைதான் நாம எல்லாரும் தணிகைமணின்னு கொண்டாடுற வ.சு. செங்கல்வராய பிள்ளை. 1883-ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். அப்பா போனப்போ அவருக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசுதான். என்னை விடச் சின்னவர். தமிழில் எம்.ஏ. படிச்சவர், அப்பா மாதிரியே அரசாங்க உத்தியோகம், பத்திரப் பதிவுத் துறையில். அப்பா விட்ட இடத்திலிருந்து அண்ணனும் தம்பியும் பதிப்பு வேலையைத் தொடர்ந்தாங்க. ரிட்டயர் ஆன பிறகு செங்கல்வராய பிள்ளை ஓய்வெடுக்கல. திருப்புகழுக்கு உரை எழுதினார். சைவத்துக்குப் பன்னிரு திருமுறை இருக்கிற மாதிரி முருகவேள் பன்னிரு திருமுறைன்னு தொகுத்தார். தேவாரத்தில் எந்த விஷயம் எந்தப் பாட்டில் வருதுன்னு அகராதி மாதிரி வரிசைப்படுத்தி தேவார ஒளிநெறின்னு கொடுத்தார். இன்னைக்கு நாம சர்ச் பாக்ஸில் தட்டித் தேடறதை அவர் கையால எழுதி முடிச்சிருக்கார். அப்பாவோட வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வச்சார். 1971-ல் மறைஞ்சார்.

அச்சுப் புத்தகம் வந்ததால்தான் திருப்புகழ் ஊர் ஊராப் போச்சு. வள்ளிமலை சுவாமிகள் திருத்தணியில் ஆங்கிலப் புத்தாண்டுக்குப் படிவிழா ஆரம்பிச்சு, படிக்கு ஒரு திருப்புகழ்னு பாட வச்சார். இன்னைக்கும் டிசம்பர் 31 ராத்திரி அங்கே கூட்டம் தாங்காது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு முன்சீப் பேர் தெரியும்? எனக்கே போன மாசம் வரை தெரியாதே.

இப்போ என் சொந்தக் கதை கொஞ்சம். எங்க தாத்தா ஊரில் முருகன் பஜனை கோஷ்டி நடத்தினவர். கோஷ்டியில் பாடின காவடிச் சிந்தும் கும்மியும் ஒரு நீள நோட்டில் எழுதி வச்சிருக்கார். எதுவும் அச்சில் வந்ததில்லை. அப்பாவும் அரசாங்க வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குக் கண் நரம்பு பாதிப்பு, பார்வை கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது. ரெண்டு வருஷமா அந்த நோட்டை டைப் பண்ணிக் குடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். நான் ரிலீஸ் இருக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். ஒரு கட்டத்தில் அவர் கேக்கறதையே நிறுத்திட்டார். அதைக்கூட நான் கவனிக்கல.

வேலை இருக்குங்கிறது எவ்வளவு சின்ன சாக்குன்னு இந்த அப்பா பிள்ளை கதையைப் படிச்சப்போதான் உறைச்சது. அந்த முன்சீப்புக்கும் வேலை இருந்தது. அந்தப் பிள்ளைக்கும் இருந்தது.

போன ஞாயித்துக்கிழமை நானே பரணில் ஏறி நோட்டை எடுத்தேன். தாத்தா கையெழுத்து எனக்குச் சரியாப் புரியல, அப்பாவுக்கு எழுத்து தெரியல. ஆனா நான் தட்டுத்தடுமாறி ரெண்டு வார்த்தை படிச்சா, மிச்ச அடியை அவர் ராகத்தோட பாடிடறார். ஒரு இடத்தில் நான் தப்பாப் படிச்சேன், தாளம் இடிக்குதுன்னு உடனே திருத்தினார். அன்னைக்கு மூணு பாட்டுதான் முடிஞ்சது. நோட்டில் நாப்பதுக்கு மேல இருக்கு. இனி எல்லா ஞாயித்துக்கிழமையும் எங்களுக்கு இதுதான் வேலை.

உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம். பாடிக் காட்ட ஆள் இருக்கும்போதே எடுத்துடுங்க. அடுத்த முறை திருப்புகழ் பாடும்போது அந்த முன்சீப்பையும் அவர் பிள்ளைகளையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! முருகா சரணம்.