தாந்தேயும் அவர் பிறந்த நகரமும்

சான்றோர் ஒருவர் ஓர் ஊரிற் பிறத்தல் அவ்வூர் செய்த தவப்பயன் என்பர். அப்பயனைக் கைக்கண் இருக்குங்காற் போற்றாது துரத்திவிட்டு, பின்னர்ப் பல நூற்றாண்டு ஏங்கி நின்ற நகரம் ஒன்றுண்டு. அஃது இத்தாலி தேசத்துப் புளோரன்சு மாநகரமாம். அந்நகரிற் பிறந்த மகாகவி தாந்தேயின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தாந்தே அலிகியேரி 1265-ஆம் ஆண்டிற் பிறந்தார். 1289-இல் நிகழ்ந்த கம்பால்தீனோப் போரில் தம் நகரத்தின் பொருட்டுக் குதிரைவீரராய் நின்று பொருதார். அக்காலத்து ஆங்கே தொழிற்சங்கம் ஒன்றிற் பெயர் பதிந்தோரே நகராட்சியிற் பதவி பெறுதல் கூடும். ஆதலின் அவர் வைத்தியரும் மருந்து விற்போரும் அடங்கிய சங்கத்திற் சேர்ந்து, 1300-இல் இரண்டு திங்கள் நகரத் தலைவர் அறுவருள் ஒருவராய் அமர்ந்தார்.

அந்நாளில் நகர மாந்தர் வெள்ளைக் கட்சியார், கறுப்புக் கட்சியார் என இரு பிரிவினராய்ப் பகைத்து நின்றனர். வெள்ளைக் கட்சியினராகிய தாந்தே பாப்பரசரிடம் தூது சென்றிருந்த காலத்தில், மாற்றுக் கட்சியார் ஆட்சியைக் கைப்பற்றினர். 1302-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர்மீது கையூட்டுக் குற்றம் சாட்டிப் பெருந்தொகை தண்டம் விதித்தனர். மார்ச்சு மாதத்தில், அவர் அகப்படின் உயிரோடு எரித்துவிடுக எனத் தீர்ப்பளித்தனர். அன்று முதல் அவர் தாம் பிறந்த மண்ணை மிதித்திலர்.

வெரோனா முதலிய ஊர்களிற் பிறர் இல்லத்து உணவுண்டு திரிந்த அக்காலத்திலேயே, நரகம், பாவம் கழுவும் மலை, சுவர்க்கம் என்னும் மூவுலகப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட தம் பெருங்காவியத்தைப் பாடினார். கற்றோர் இலத்தீனையே போற்றிய அந்நாளில், தாய்மொழியிலே அதனைப் பாடியது அவர் துணிவு. 1315-இல், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு மீளலாம் என்று நகரத்தார் அறிவித்தனர். குற்றவாளியைப்போலப் பலர்முன் தலைகுனிந்து நுழைதல் தமக்குத் தகாதென மறுத்தார். மரண தண்டனை மீண்டும் உறுதியாயிற்று. அவர்தம் மைந்தரும் அதனுட் பட்டனர். ஈற்றில் இராவென்னா நகரத்து அதிபர் ஆதரவிற் சில ஆண்டு வாழ்ந்து, 1321-ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கேயே உயிர் நீத்தார்.

அதன்பின்னரே புளோரன்சு நகரம் விழித்தது. 1350-இல், இராவென்னாவிற் கன்னிமடத்தில் இருந்த அவர் மகளுக்குப் பத்துப் பொற்காசு கொடுக்குமாறு பொக்காச்சியோ என்னும் ஆசிரியரை அனுப்பினர். 1373-இல் அவ்வாசிரியரையே அமர்த்தி, காவியத்தைப் பொதுமக்கட்கு விரித்துரைக்கச் செய்தனர். 1465-இற் பெருங்கோயிலில் ஓர் ஓவியம் அமைந்தது. அதனுள் கவிஞர் கையிற் புத்தகத்துடன் நகர மதிலுக்கு வெளியே நிற்கின்றார்.

எலும்புகளைத் தருமாறு பன்முறை வேண்டியும் இராவென்னா இசைந்திலது. 1519-இற் புளோரன்சுக் குடியினராகிய பாப்பரசர் பத்தாம் லியோ இசைவளித்தார். சிற்பி மிக்கேலாஞ்சலோ கல்லறை சமைத்துத் தருவதாக முன்வந்தார். சென்றோர் பேழையைத் திறக்க, உள்ளே ஒன்றும் இல்லை. மடத்துத் துறவியர் முன்னரே எலும்புகளை எடுத்து மறைத்துவிட்டனர். 1865-இல் மடத்தருகே சுவர் வேலை நிகழ்ந்தபொழுதே அவை ஒரு மரப்பெட்டியில் வெளிப்பட்டன. அஃது அவர் பிறந்த 600-ஆம் ஆண்டு. அவ்வாண்டிலேயே புளோரன்சில் சாந்தா குரோசேக் கோயிலின்முன் அவருக்குச் சிலை எழுந்தது. அக்கோயிலுள் முன்னரே எழுப்பிய பெருங்கல்லறையோ இன்றும் வெறுமையாகவே உளது.

1908 முதல் ஆண்டுதோறும் செப்டம்பரில், புளோரன்சு நகரத்தார் தம் நாட்டு ஒலிவ எண்ணெயைக் கொண்டுசென்று, இராவென்னாக் கல்லறையில் எரியும் விளக்கிற்கு வார்க்கின்றனர். 2008-இல் அந்நகரசபை பழைய தண்டனையை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. அப்பொழுதும் ஐவர் எதிர்த்தே வாக்களித்தனர்.

இவற்றுள் எல்லாம் நம் உள்ளத்தை உருக்குவது அவ்வெண்ணெயேயாம். வெறுங்கல்லறை தன்பால் இல்லாததை உள்ளதுபோற் காட்டுகின்றது. தீர்மானமோ கேட்டு மகிழ்வார் இலராயபின் வந்தது. எண்ணெய் சுமந்து செல்வார் மட்டுமே, நாம் துரத்தினோம், நீவிர் காத்தீர் எனப் பிறிதோர் ஊரின் வாயிலிற் பணிந்து நிற்கின்றனர். பணிந்து நிற்பினும் போன பத்தொன்பது ஆண்டுகள் மீளா.

நம் இல்லங்களிலும் கட்சி வேற்றுமையாற் புறத்தே நிறுத்தப்பட்ட நல்லோர் உளராயின், அவர்தம் படத்தைப் பின்னாளில் திறந்து வைத்தலினும், இன்றே சென்று அழைத்து வருதல் சாலச் சிறந்ததாம்.