எடிசனின் தோற்றுப்போன மின்சாரம்

தோமஸ் அல்வா எடிசன் 1882 செப்ரெம்பர் 4 ஆம் திகதி நியூயோர்க்கின் பேர்ள் வீதியில் திறந்த மின் நிலையம் கொடுத்தது 110 வோல்ட் நேரோட்டம். சுமார் ஒரு மைலுக்கு அப்பால் அதைக் கொண்டுசெல்வது கட்டுப்படியாகவில்லை. வெஸ்ரிங்ஹவுஸின் ஆடலோட்டமோ நிலைமாற்றியின் உதவியால் ஊர் தாண்டிப் போனது.

எடிசன் விட்டுக்கொடுக்கவில்லை. ஆடலோட்டம் ஆளைக் கொல்லும் என்று பயமுறுத்தினார். அவருடைய ஆய்வுகூடத்தில் நாய்களுக்கு மின்சாரம் பாய்ச்சிக் கொன்று காட்டினார்கள். மரணதண்டனைக்கு ஆடலோட்டமே உகந்தது என்று பரிந்துரைத்தார். 1890 இல் முதல் மின்சார நாற்காலியில் பாய்ந்ததும் அதுதான். ஆயிரத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றவருக்கு இது அழியாத கறை. 1892 இல் அவரது கம்பனி தொம்சன்-ஹூஸ்ரனுடன் இணைந்து ஜெனரல் எலெக்ரிக் ஆனபோது பெயரிலிருந்து எடிசன் போய்விட்டார். 1931 இல் காலமானார்.

நியூயோர்க்கின் கடைசி நேரோட்ட இணைப்பு 2007 இல் துண்டிக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருடம்தான் கலிபோர்னியாவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தினர் தரவு நிலையச் சேவையகங்களை நேரோட்டத்தில் இயக்கிக் காட்டியிருந்தனர். வழமையான தரவு நிலையத்தில் ஆடலோட்டம் மின்கலத்துக்காக நேரோட்டமாகி, திரும்ப ஆடலோட்டமாகி, சேவையகத்துக்குள் மறுபடி நேரோட்டமாகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது. அந்த வெப்பத்தைத் தணிக்க இன்னும் மின்சாரம் வேண்டும். 380 வோல்ட் நேரோட்டமாகவே கொடுத்தால் இடையிலுள்ள மாற்றங்கள் குறைகின்றன. அழுத்தத்தை மாற்ற இப்போது குறைகடத்திக் கருவிகள் உண்டு. எடிசனிடம் அவை இருக்கவில்லை.