மறைந்திருந்த ஆயர்

தேவாலயம் என்பது கட்டிடம். திருச்சபை என்பது மக்கட் கூட்டம். தமிழாசிரியனாகிய யான் இவ்வேறுபாட்டை வகுப்பிலே பலகாற் சொல்லியதுண்டு. கிரேக்கரின் எக்லீசியா என்ற சொல்லும் முதலிற் கூடிய மக்களையே குறித்தது. அக்கூட்டத்திலிருந்து தவறி வீழ்ந்தவனுக்கு மீண்டும் அங்கே இடமுண்டா என்பது மூன்றாம் நூற்றாண்டிலே பெரும் பூசலாயிற்று. அப்பூசலின் நடுவே நின்றவர் சிப்பிரியான்.

இன்றைய துனீசியாவிலுள்ள கார்த்தேஜ் நகரில் நாவன்மைக் கலை கற்பித்த ஆசிரியர் அவர்; செல்வர். ஏறக்குறைய 246ஆம் ஆண்டளவிற் கிறித்து நெறி தழுவி, உடைமையிற் பெரும்பகுதியை வறியோர்க்கு ஈந்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயருமானார். மூத்த குருமார் சிலர்க்கு இது பொறுக்கவில்லை. நேற்று வந்தவர் தலைமையாசிரியரானாற் பள்ளிக்கூடத்தில் நிகழ்வதை நாம் அறியோமா?

250ஆம் ஆண்டிலே உரோமப் பேரரசன் டீசியஸின் ஆணை நகரை உலுக்கியது. யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றுச் சீட்டுப் பெறல் வேண்டும். கிறித்தவர் பலர் தாமே முந்திச் சென்று பலியிட்டனர். சிலர் பலியிடாமலே கைக்கூலி கொடுத்துச் சீட்டு வாங்கினர். மறுத்தோர் சிறை புகுந்தனர், சிலர் மாண்டனர். ஆயரோ நகரை விட்டு மறைந்தார்! உரோமைக் குருமார் இதனைக் குறிப்பாக இடித்துரைத்து எழுதினர். தாம் அங்கிருப்பின் மக்கள்மேற் கொடுமை மிகும் என்பது அவர் காட்டிய காரணம். அச்சமும் அதிற் கலந்திருந்ததோ என்பதை யான் தீர்க்கத் துணியேன். மறைவிடத்திலிருந்து கடிதங்களாலே சபையை நடத்தினார் என்பது மட்டும் உறுதி.

251இல் திரும்பியபோது, மறைந்திருந்தவரே வீழ்ந்தவரை விசாரிக்க நேர்ந்தது. துன்புற்றுச் சிறையிருந்தோர் வழங்கிய பரிந்துரைக் கடிதங்களைக் காட்டிப் பலர் உடனே இடம் கேட்டனர். அவ்வாறே சேர்க்கலாம் என்றது உள்ளூரில் ஒரு கட்சி. பலியிட்டவரை ஒருபோதும் சேர்த்தலாகாது என்று உரோமையிலே நொவாசியன் பிரிந்து நின்றார். சிப்பிரியானும் ஆயர் மன்றமும் இரண்டையும் ஏற்கவில்லை. சீட்டு மட்டும் வாங்கியோரைத் தனித்தனியே ஆராய்ந்து சேர்ப்பது. பலியிட்டோர் நெடுந்தவம் புரிந்து சாவு நெருங்கும்போது சேர்வது என விதித்தனர். அடுத்த துன்பம் அணுகுவதாகத் தோன்றியபோது, தவம் புரிந்துவந்த அனைவரையும் சேர்த்துக்கொண்டனர். போருக்குப் போகிறவனைப் பட்டினியாய் அனுப்புதல் தகாதன்றோ!

பின்னர்க் கொள்ளைநோய் வந்தது. பிணங்கள் தெருவிற் கிடந்தன. நோயுற்றோரைக் காக்கச் சபையினரை அவர் ஏவினார். அப்பணி பிற சமயத்தார்க்கும் உரியதாயிற்று. திருமுழுக்குப் பற்றி உரோமை ஆயர் ஸ்தேவானுடன் அவர் நடத்திய வழக்கு நீண்டது. அதனை விரிப்பின் இவ்விடம் போதாது.

257இல் வலேரியன் ஆட்சியிலே குருபிஸ் என்னும் ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். அடுத்த ஆண்டு கார்த்தேஜுக்கு மீண்டு, தம் தோட்டத்திலே தங்கினார். ஓடி ஒளியுமாறு நண்பர் வேண்டினர். இம்முறை அவர் இசையவில்லை. தம் மக்கள் கண்முன்னே, தம் நகரிலேயே இறத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். 258 செப்தெம்பர் 14ஆம் நாள் மேலாடையைக் களைந்து மண்டியிட்டார். தம்மை வெட்ட வந்தவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்குமாறு தம்மவரைப் பணித்தார். அன்றிரவு மக்கள் விளக்குகள் ஏந்தி அவர் உடலை எடுத்துச் சென்றனர்.