பிழை திருத்திய பெருமாட்டி

சென்ற விடுமுறையிலே என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் கொழும்பிலே கணினித் தொழில் புரிபவர். யான் அச்சுத்தாள் ஒப்புநோக்கிக்கொண்டிருந்தேன். அதனைக் கண்டதும், தாமும் பிழை தேடியே பல நாள் உழன்றதாகச் சொன்னார். அவர் எழுதிய நிரலிலே பிழை இல்லையாம். அந்நிரலைப் பொறி அறியும் மொழிக்கு மாற்றுகின்ற தொகுப்பி என்னுங் கருவியே, சுருக்கிச் செம்மை செய்யப் புகுந்து, வேண்டிய ஒன்றை வேண்டாததென நீக்கிவிட்டதாம். ஈற்றில் இரண்டு வரித் திருத்தம் ஒன்றினால் அது தீர்ந்ததாம். நூல் செய்தோன் பிழை, ஏடெழுதினோன் பிழை என்னும் இரண்டையுமே அறிந்திருந்த எனக்கு இம்மூன்றாவது பிழை புதுமையாய் இருந்தது. தொகுப்பியை முதலில் ஆக்கினார் யாவர் என்று வினவினேன். கிரேஸ் ஹொப்பர் என்னும் அம்மையாரின் பெயரை அவர் சொன்னார். அன்றுதொட்டு அவ்வம்மையாரின் சரிதத்தைத் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் என்னைச் சுட்டது ஒன்று உண்டு. அதனை உரிய இடத்திற் சொல்வேன்.

அம்மையார் 1906 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆந் திகதி நியூயோர்க் நகரிலே பிறந்தார். ஏழு வயதிலே, மணிக்கூடு எங்ஙனம் ஓடுகின்றது என்று அறியும் ஆசை அவருக்கு உண்டாயிற்று. ஒன்றைப் பிரித்தார், மீளப் பூட்டத் தெரியவில்லை. வழி அறியும்பொருட்டு அடுத்ததைப் பிரித்தார். இவ்வாறு ஏழு மணிக்கூடுகள் பிரிந்து கிடந்தபோதே தாயார் கண்டார். இனி ஒன்றை மாத்திரம் பிரிக்கலாமென வரையறுத்தாரே அன்றி, ஆசையை முற்றாகத் தடுத்தாரல்லர். பிள்ளைகளைப் பெற்றோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

1928 இல் வாசர் கல்லூரியிலே பட்டம் பெற்று, 1934 இல் யேல் பல்கலைக்கழகத்திலே கணிதத்திற் கலாநிதியானார். 1931 முதல் வாசர் கல்லூரியிலே கணிதம் கற்பித்தார். அவரும் நம்மைப்போல உபாத்தியாயராய் இருந்தவரே. உலகப் போர் மூண்டபோது கடற்படையிற் சேர விரும்பினார். வயது முப்பத்தேழு, உடல் நிறையோ விதித்த அளவுக்கு 15 இறாத்தல் குறைவு. விலக்குப் பெற்று, 1943 டிசம்பரிலே சேர்ந்துகொண்டார். மறு ஆண்டு ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். ஆங்கே ஹவார்ட் எய்க்கன் என்பார் அமைத்த மார்க் 1 என்னுங் கணிபொறி இருந்தது. 51 அடி நீளம். செக்கனுக்கு மூன்று கூட்டல். அக்காலத்துக்கு அதுவே பெருவியப்பு.

அப்பொறிக்கு இடும் கட்டளைகள் கடதாசி நாடாவிலே துளைகளாக இடப்பட்டன. தவறான துளை ஒன்று விழுந்துவிட்டால் நாடா முழுவதையும் மீளத் துளைப்பாரல்லர். சிறு கடதாசித் துண்டை அத்துளையின்மேல் ஒட்டி மூடி, வேண்டிய இடத்திலே புதிய துளை இடுவர். இன்று நிரற்பிழையைத் தீர்க்கும் திருத்தத்தை ஒட்டு என்னும் பொருளுடைய பெயரால் ஆங்கிலத்திலே வழங்குவது இவ்வழக்கத்தை நினைப்பூட்டுவதாகும்.

பிழைக்குப் பூச்சி என்று பெயர் வந்த கதையும் அம்மையாரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. 1947 செப்டெம்பர் 9 ஆந் திகதி, மார்க் 2 என்னும் அடுத்த பொறியின் மின்தொடுப்பி ஒன்றினுள்ளே விட்டில் ஒன்று அகப்பட்டுக் கிடந்தது. அதனை எடுத்துத் தினக்குறிப்பேட்டிலே ஒட்டி, கண்டெடுத்த நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தனர். கண்டெடுத்தவர் அம்மையார் அல்லர்; அக்கதையை ஊரெங்கும் பரப்பியவரே அவர். பொறிக்குறையைப் பூச்சி என்னும் வழக்கு அதற்கு எழுபது ஆண்டுகள் முன்பே எடிசனின் கடிதத்திற் காணப்படுகின்றது. ஆயினும், நேர்ந்த பிழையை மறையாது ஏட்டிலே ஒட்டி வைத்தார்களே, அதுவே என் நெஞ்சிற் பதிந்தது.

1949 இல் அம்மையார் யூனிவாக் கணினியைச் சமைத்த கூட்டத்தாரோடு சேர்ந்தார். அக்காலத்திலே நிரல் எழுதுவோர், முன்னே சரியெனக் கண்ட நிரற்பகுதிகளைக் குறிப்புப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்து, வேண்டியபோது பார்த்தெழுதுவர். ஒவ்வொரு முறையும் இடவெண்களைக் கூட்டி மாற்றவும் வேண்டும். கூட்டலிலும் பிழை, பார்த்தெழுதுவதிலும் பிழை. நான்கு என்னும் இலக்கம் வேறு குறியாக மாறும். பீ என்னும் எழுத்து 13 ஆகிவிடும். இதனைப் படித்தபோது நம் ஏடுகளை நினைந்து நகைத்தேன். புள்ளியில்லா ஏட்டிலே காலும் ரகரமும் மயங்க, ஒற்றும் உயிர்மெய்யும் மயங்க, நாம் பட்ட பாட்டையே கடல் கடந்த அம்மையாரும் பட்டிருக்கின்றார்!

பார்த்தெழுதும் வேலையைப் பொறியிடமே ஒப்படைத்தால் என்னவென்று அவர் எண்ணினார். 1952 இல் ஏ-0 என்னுந் தொகுப்பி பிறந்தது. இன்றைய தொகுப்பிகளை நோக்க அது குழவியே. வேண்டிய பகுதிகளை நாடாவிலிருந்து பொறுக்கி, இடவெண்களை மாற்றி, ஒரு நிரலாகத் தொகுத்தது. ஓரிடத்திலே இடர் நேர்ந்தது. நிரல், பின்னே வரப்போகும் பகுதி ஒன்றுக்குத் தாவ வேண்டின், அப்பகுதியின் இடம் இன்னும் அறியப்படவில்லையே! கல்லூரியிலே கூடைப்பந்து ஆடியவர் அம்மையார். பந்தைத் தோழியிடம் எறிந்து, தான் முன்னே ஓடி, மீளப் பெற்றுக்கொள்ளும் உத்தி நினைவுக்கு வந்தது. நினைவகத்தின் கடைசியிலே ஒரு மூலையை ஒதுக்கினார். தாவுதல் முதலில் அம்மூலைக்குச் செல்லும். உரிய இடம் அறியப்பட்டதும் அங்கிருந்து அவ்விடத்துக்குச் செல்லும். தொகுப்பி ஓடிற்று. ஆயினும், கணினி கணக்கு மாத்திரமே செய்யும், நிரல் எழுதாது என்று சொல்லி நெடுநாள் எவரும் அதனைத் தொட்டாரல்லர்.

பின்னர் எழுந்த தடை வேறு. பொறி தொகுத்த நிரல், கைதேர்ந்தவர் எழுதிய நிரல்போல விரைந்து ஓடாது என்றனர். 1957 இல் ஜோன் பக்கஸ் குழுவினர் வெளியிட்ட போட்ரான் தொகுப்பி இத்தடையை நீக்கிற்று. அது கட்டளைகளை ஆராய்ந்து, மீள மீளச் செய்வதை ஒருமுறை செய்து, பயனற்றதை நீக்கி, நிரலைச் சுருக்கிற்று. இதனை உகப்பாக்கம் என்பர். நன்னூலார் நூற்குற்றங்களுள் மிகைபடக் கூறலையும் சொன்னார். குன்றக் கூறலையும் சொன்னார். மிகையைக் களையப் புகுந்தவன் குன்றச் செய்துவிடுதல் கூடும். தொகுப்பிக்கும் அதுவே இடர்.

என் மாணாக்கர் சொன்ன உதாரணம் இது. ஓர் உலையின் வெப்பம் நினைவகத்தின் ஓரிடத்திலே காட்டப்படுகின்றது. நிரல் அதனை இருமுறை வாசிக்கச் சொல்கின்றது. இவ்விடம் இடையே மாறத்தக்கது என்னுங் குறிப்பும் நிரலில் உண்டு. தொகுப்பி அக்குறிப்பைப் பேணாது, இரண்டும் ஒன்றே என எண்ணி, இரண்டாம் வாசிப்பை நீக்கிவிட்டால், உலை கொதித்தாலும் நிரல் பழைய வெப்பத்தையே நம்பியிருக்கும். இஃது அருமையாய் நிகழ்வதன்று. 2008 இலே அமெரிக்காவின் யூற்றா பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் சோதித்த 13 தொகுப்பிகளும் இவ்வகைக் குறிப்பிலே எங்கேனும் தவறின.

என்னைச் சுட்டது இவ்விடமே. பத்தாண்டுக்கு முன் எம்மூர்க் கோயில்மீது பாடப்பட்ட சிறு அந்தாதி ஒன்றை ஏட்டிலிருந்து பெயர்த்து அச்சிட்டேன். ஓரடியிலே ஒரு சொல் இருமுறை வந்தது. ஏடெழுதினோன் மறந்து இரட்டித்தான் என்று துணிந்து, ஒன்றை நீக்கினேன். சீர் குறைந்தமையின் என் சொல்லொன்றைப் பெய்து நிரப்பினேன். அது மடக்கு. எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. நூல் வெளிவந்தபின் வகுப்பிலே ஒரு மாணவி எழுந்து அடக்கமாக வினவியபோதே அதனை உணர்ந்தேன். வெட்கத்தினாலே திருத்தம் வெளியிட்டேனல்லேன். பத்தாண்டாக அப்புலவர் பாடாத சொல் அவர் பெயரால் வழங்குகின்றது.

அம்மையாரோ அவ்வாறு இருந்தாரல்லர். ஆங்கிலச் சொற்களாலே நிரல் எழுதும் புளோமற்றிக் மொழியை ஆக்கினார். 1959 இலே தோன்றிய கோபோல் மொழிக்கு அதுவே பெரிதும் வழிகாட்டிற்று. 1966 இன் இறுதியிலே கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. 1967 இலே ஆறு மாதத்துக்கென்று மீள அழைத்தது. ஆண்டுகள் பல கடந்தும் விடவில்லை. கோபோலுக்குத் தொகுப்பி செய்தோர் பலர். ஒரே நிரல் ஒரு பொறியில் ஒருவாறும் மற்றொன்றில் வேறாகவும் நடந்தது. ஆதலின் தொகுப்பிகளைச் சோதிக்கும் நிரல்கள் அவர் தலைமையிலே ஆக்கப்பட்டன. நிரல்களைத் திருத்தும் நிலைகடந்து, நிரல்களை மாற்றும் கருவியையே பரீட்சை மண்டபத்தில் இருத்திய செயல் இது.

இன்றும் தொகுப்பியிற் பிழை கண்டோர் முதலில் அப்பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரலை வடித்தெடுப்பர். பின்பு எந்த வரி நீங்கியது, எந்த வரி புகுந்தது என்பதை அயல்வரிகளோடு காட்டும் ஒட்டை எழுதுவர். அச்சிறு நிரலையும் சோதனைத் தொகுதியிலே சேர்த்துவிடுவர். அதே பிழை மீளத் தலைகாட்டின் அது பிடித்துக்கொடுக்கும். திருத்தம் எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்பதே முறை.

1986 ஓகஸ்ட் 14 ஆந் திகதி, எழுபத்தொன்பது வயதிலே, றியர் அட்மிரல் பதவியோடு அம்மையார் ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி முதலாந் திகதி மறைந்து, ஆர்லிங்டன் மயானத்திலே அடக்கஞ் செய்யப்பெற்றார். அந்த விட்டில் ஒட்டிய ஏடு இன்றும் வாஷிங்டன் நூதனசாலை ஒன்றிலே பேணப்படுகின்றது. பிழை ஒன்று பொருட்காட்சியாய்ப் போற்றப்படுகின்றது. யானோ என் பிழையை மறைத்து வைத்தேன்.

என்னிடம் எஞ்சிய படிகளிலே திருத்தச் சீட்டு ஒட்டத் தொடங்கியுள்ளேன். அந்நூலை வைத்திருக்கும் அன்பர்கள், முப்பத்தேழாஞ் செய்யுளின் மூன்றாமடியிலே யான் பெய்த இறுதிச் சொல்லை அடித்து, அவ்வடியின் முதற்சொல்லையே அங்கு மீட்டும் எழுதிக்கொள்வாராக. பிழை ஏடெழுதினோனது அன்று, என்னது.