நீலமலை ஏறிய கலெக்டர்

மழை பெய்து ஓய்ந்த காலையில் கோவையிலிருந்து வடக்கே நோக்கினால் நீலமலைத் தொடர் ஒரு மதில்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். நம் ஊரில் பிறந்தவர்கள் நாள்தோறும் காணும் காட்சி இது. நாள்தோறும் காண்பதாலேயே அதைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. 1815ஆம் ஆண்டில் கோவைக்குக் கலெக்டராக வந்த ஜான் சல்லிவன் என்ற ஆங்கிலேயர் இதே மதிலைக் கண்டார். கண்டதோடு நில்லாமல் அதன்மேல் என்ன இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியே அவருடைய வாழ்க்கையாக அமைந்துவிட்டது.

சல்லிவன் 1788ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர். மிக இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் பணியேற்றுக் கப்பலேறிச் சென்னை வந்தார். படிப்படியாக உயர்ந்து கோவை மாவட்டத்தின் தலைவரானபோது அவருக்கு வயது 27. திப்பு சுல்தான் வீழ்ந்து, கோவை கம்பெனியின் கைக்கு வந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. நீலமலையும் அப்போது கோவை மாவட்டத்தைச் சேர்ந்ததுதான்.

சல்லிவனை உதகமண்டலத்தைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. இச்சொல் எனக்கு உடன்பாடன்று. தோடர்கள் எருமை மேய்த்தும், படகர்கள் சாமையும் கோதுமையும் விளைவித்தும், கோத்தர்கள் இரும்படித்தும் மண்கலம் வனைந்தும், சரிவுகளில் குறும்பரும் இருளரும் வாழ்ந்தும் வந்த மலையை யார் கண்டுபிடிக்க முடியும்? வெள்ளையரிலும் அவர் முதல்வர் அல்லர். 1812இலேயே நில அளவையாளர்கள் டணாயக்கன் கோட்டை வழியாக ஏறியிருக்கிறார்கள். 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு உதவி அதிகாரிகள் ஏறி இறங்கினார்கள். அவர்கள் சொன்ன செய்தியே சல்லிவனைத் தூண்டியது. சல்லிவன் மலையைக் கண்டுபிடித்தவர் அல்லர், திறந்துவிட்டவர். திறந்துவிட்டது நன்றா தீதா என்பது வேறு கேள்வி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும. கொங்கு நாட்டார் மலையேறாதவர்கள் அல்லர். மூங்கில் தடியூன்றி வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் கடக்கிறோம். பழநிக்கும் சென்னிமலைக்கும் மருதமலைக்கும் நடக்கிறோம். ஆனால் நாம் ஏறுவது உச்சியில் ஆண்டவன் இருப்பதால். மலையை மலைக்காகவே ஏறி, உயர்ந்ததொரு பாறையில் நின்று நிலத்தைப் பார்த்து மகிழ்வது வேறு வழக்கம். சல்லிவனின் இளமைக் காலத்தில் இங்கிலாந்தில் அது பரவிக்கொண்டிருந்தது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் தம் ஏரி நாட்டு மலைகளுக்கு ஒரு வழிகாட்டியே 1810இல் எழுதினார். புல்லும் பனியும் போர்த்த அந்த மேட்டு நிலங்களில் நடப்பதை ஆங்கிலேயர் ஒரு கல்வியாகவே கருதினர். அந்தக் கண்ணோடுதான் சல்லிவன் நீலமலையை நோக்கினார்.

1819 ஜனவரியில் ஆள்களோடும் சுமைகளோடும் சிறுமுகையிலிருந்து அவர் புறப்பட்டார். இன்று கைத்தறிக்குப் பேர்போன அந்த ஊரிலிருந்து மலையடிவாரம் கூப்பிடு தூரம். ஆனால் ஏற்றம் கொடியது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். பேருந்தில் போகிறவர் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஊர் வந்துவிடும். அச்சரிவின் ஒரு பகுதியை நான் கால்நடையாக ஏறியிருக்கிறேன். கீழே முள்ளும் மூங்கிலும், யானைச் சாணமும், வியர்வையும். ஒரு கட்டத்தில் காற்றின் குணமே மாறிவிடுகிறது. சட்டை உடம்பில் ஒட்டாமல் குளிர்கிறது. அதன்பின் கால்கள் தாமே நடக்கின்றன. பாதையும் இல்லாத நாளில், கொடிகளை வெட்டி வழி செய்துகொண்டு ஏறியவருக்கு அந்தக் குளிர்காற்று என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கோத்தகிரிக்கு அப்பால் கோடநாட்டுக் காட்சிமுனையில் நின்று பார்த்தால் அந்தப் பழைய வழிகளின் நிலம் முழுவதும் காலடியில் விரிகிறது. மாயாற்றுப் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் மைசூர் மேட்டு நிலம், கிழக்கே பவானிசாகர் நீர்ப்பரப்பு. அளவையாளர்கள் புறப்பட்ட டணாயக்கன் கோட்டை அந்த நீருக்கடியில் இருக்கிறது. அணை கட்டியபோது மூழ்கிய அவ்வூரின் கோயில், கடும் வறட்சியில் நீர் வற்றினால் வெளியே தெரியும்.

மேலே ஏறிய சல்லிவன் கண்டது அவர் பிறந்த நாட்டைப் போன்ற நிலம். அலை அலையாகப் புல்வெளி, மடிப்புகளில் சோலைக் காடு, காலையில் உறைபனி. அவ்வாண்டிலேயே பிரெஞ்சு இயற்கையாராய்ச்சியாளர் லெஷனோ அவரோடு மலைக்கு வந்தார். நோயுற்று வந்தவர் நலம் பெற்றார். கோத்தகிரியை அடுத்த திம்பட்டிப் பகுதியில், கன்னேரிமுக்கில் சல்லிவன் ஒரு வீடு கட்டினார். நீலமலையில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு அது. சிறுமுகையிலிருந்து அங்குவரை சாலையொன்று மாக்பர்சன் என்ற இராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் 1823இல் முடிந்தது. அதற்குள் சல்லிவன் இன்னும் மேற்கே சென்று, தோடர்களின் மந்து இருந்த இடத்தில் கல்லால் ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கியிருந்தார். கல் பங்களா என்று மக்கள் அழைத்த அதுவே இன்றைய உதகை நகருக்கு வித்து. உதகை அரசு கலைக் கல்லூரி அவ்வளாகத்தில்தான் இயங்குகிறது என்பது நம் போன்ற அரசு கல்லூரி மாணவர்களுக்குச் சுவையான செய்தி.

உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பார்லி, பழமரங்கள் என்று பலவற்றைப் பயிரிட்டுப் பார்த்தார். ஓடைகளை மறித்து உதகை ஏரியை உண்டாக்கினார். இன்று படகு விடும் அந்த ஏரியை அவர் நினைத்தது பாசனத்துக்காக.

இம்மனிதரின் வாழ்வில் என்னை மிகவும் நிறுத்திய இடம் இதுதான். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்ற அற்ப விலைக்கு நிலம் வாங்கியவர் அவர். மற்ற வெள்ளையர் எவரையும்விட மிகுதியான நிலம் அவரிடம் இருந்தது. அதே சல்லிவன், இம்மலை தோடர்களுக்கு முழு உரிமையுடையது, அவர்களுக்கு ஈடு தராமல் ஒரு பிடி மண்ணையும் அரசு எடுத்தல் ஆகாது என்று மேலிடத்தோடு ஆண்டுக்கணக்கில் வாதாடினார். இவ்விரண்டும் எப்படி ஒரே நெஞ்சில் இருந்தன? போலித்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அவர் கேட்ட நீதி கிடைத்திருந்தால் இழப்பு அவருக்குந்தான். ஆனால் அவர் போட்ட பாதை வழியே வந்தவர்கள் அவர் வாதத்தைக் கேட்க வந்தவர்கள் அல்லர். புல்வெளிகள் தேயிலைக்கும் தைலமரத்துக்கும் சீகை மரத்துக்கும் இடம் விட்டன. பவானியிலும் மாயாற்றிலும் நாம் காணும் நீர் அப்புல்லும் சோலையும் மழையைப் பிடித்து வைத்துக் கசியவிட்டது.

சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில் சல்லிவனின் செல்வாக்குச் சரிந்தது. உதகை படைவீரர் ஓய்வெடுக்கும் இடமாகி, அதிகாரம் இராணுவத்தார் கைக்குச் சென்றது. 1830இல் மலையின் மேற்குப் பகுதியே கோவையிலிருந்து பிரிக்கப்பட்டு மலபாரோடு சேர்க்கப்பட்டது. அவ்வாண்டே அவருடைய கோவைப் பணியும் முடிந்தது. 1843இல் அப்பகுதி கோவைக்குத் திரும்பியது. 1868இல் நீலகிரி தனி மாவட்டமாயிற்று.

பின்னர் அவர் வருவாய் வாரியத்திலும் ஆளுநர் அவையிலும் உயர் பதவிகள் வகித்தார். ஆனால் 1838இல் அவருடைய மனைவி ஹென்ரியெட்டாவும் மகள் ஹாரியெட்டும் அடுத்தடுத்து இறந்தனர். இருவரையும் உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1841இல் அவர் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார்.

அங்கும் அவர் வாய் ஓயவில்லை. இந்தியர் தம்மைத் தாமே ஆளும் திறனுடையவர் என்று வாதிட்டார். சுதேச அரசுகளைக் கம்பெனி விழுங்குவதைக் கண்டித்து 1853இல் நூல் எழுதினார். இந்திய வளத்தை உறிஞ்சும் கடற்பஞ்சாகக் கம்பெனி ஆட்சியை வருணித்தவர் இந்தச் சல்லிவன்தான் என்பதை நம் வரலாற்று வகுப்பில் படித்தவர்கள் பலரும் அறிந்திலர். நானும் மலையைத் தேடிப் போனபோதுதான் அறிந்தேன்.

1855 ஜனவரி 16ஆம் நாள் இங்கிலாந்தில் அவர் காலமானார். கல்லறை அங்கே ஸ்லவ் நகரையொட்டிய அப்டன் தேவாலயத்தில் இருக்கிறது. கன்னேரிமுக்கு வீடு நெடுங்காலம் பாழடைந்து கிடந்தது. பிறகு அதைப் புதுப்பித்து அவர் நினைவகமாக்கினார்கள். கோத்தகிரியில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், நடந்தே போகலாம்.