முத்துக்கரை கண்ட எட்கர் தர்ஸ்டன்

தென்னாட்டு மக்களின் வாழ்வியலை ஆராயப் புகுவோர் முதலில் கையிலெடுக்கும் நூல்களுள் ஒன்று, 1909 இல் சென்னை அரசு அச்சகம் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஆகும். அதன் ஆசிரியர் எட்கர் தர்ஸ்டன் சமூகவியல் பயின்றவர் அல்லர். 1855 இல் பிறந்து, இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் கற்றவர். இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால் அவர் பணியின் பெருமையும் குறையும் ஒருங்கே விளங்கும்.

1885 இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் கடலுயிரிகளை ஆராய்வதற்காகவே நம் கரைக்கு வந்தார். 1889 இல் தூத்துக்குடியில் முத்துச்சலாபம் நடைபெற்றது. ஆண்டுதோறும் வாய்க்கும் நிகழ்ச்சி அன்று அது; 1830 க்குப் பின் 1860 வரை சலாபமே இல்லாதிருந்தது. சிப்பி விளைந்த செய்தி பரவியதும் வெறும் மணற்பரப்பு ஓர் ஊராக மாறிவிடும். பரதவரும் முஸ்லிம் குளியாட்களும் ஒரே கடலில் மூச்சடக்கி மூழ்குவர். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிக்கும் அங்கே இடமுண்டு. கரை சேர்ந்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. எஞ்சிய ஒரு பங்கே உயிரைப் பணயம் வைத்தோர்க்கு! சிப்பியைக் காண வந்தவர் சிப்பியைச் சூழ்ந்த மாந்தரையும் கண்டார். முத்து, சங்குக் குளிப்புகள் பற்றி 1890 இல் அவர் வெளியிட்ட குறிப்புகள் இன்றும் படிக்கத் தக்கன.

1901 இல் இந்திய அரசு இனவரைவியல் அளவாய்வைத் தொடங்கியபோது சென்னை மாகாணப் பொறுப்பு அவரிடம் வந்தது. அருங்காட்சியகத் துணைவர் ரங்காச்சாரியுடன் உழைத்துச் செய்தி திரட்டினார். ஐந்தாம் தொகுதி 'மரக்காயர்' என்னும் தலைப்புடனேயே தொடங்குகிறது. லெப்பையரும் பரதவரும் தனிக் கட்டுரைகள் பெற்றனர்.

ஆயினும் மருத்துவம் கற்ற கை அளவுகோலையே நாடியது. மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் அளந்து அட்டவணையிட்டார். மூக்களவுக்கும் குல உயர்வு தாழ்வுக்கும் தொடர்புண்டு என்ற ரிஸ்லியின் கொள்கை அக்காலத்தில் ஓங்கியிருந்தது. பிற்கால அறிவியல் அதனைத் தள்ளிவிட்டது. காவல்துறையினருக்கும் அவர் உடலளவியலில் பயிற்சி அளித்தார். பிறப்பையே குற்றமாக்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். குடிகளைப் பட்டியலிடுதல் தீங்கற்ற தொழில் அன்று.

சலாபம் பொய்த்த ஆண்டுகளில் குளியாளின் குடும்பம் யாரிடம் கடன்பட்டது, மகளிர் எவ்வாறு அடுப்பெரித்தனர் என்பவற்றை எந்த அளவுகோலும் சொல்லாது. அவரவர் திண்ணையில் அமர்ந்து கேட்டால்தான் தெரியும். சமூகவியலுக்கென ஒரு துறை 1919 இல்தான் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் கெடிஸ் தலைமையில் தோன்றியது. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961 இல். அதனைக் கண்ட முதியோரின் நினைவுகளைத் தொகுக்கக் கடலோரக் குடும்பங்களிற் பிறந்து பட்டப்படிப்புக்கு வரும் நம் மாணவரினும் தகுதியுடையார் யார்? அதன் பயன் நம் ஊரோடும் நில்லாது. பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன் முத்துக்குளிப்போரும் முன்பணக் கடனில் கட்டுண்டே வாழ்ந்தனர். அவர் வரலாறும் நம்மவர் வரலாறும் அருகருகே வைத்துப் படிக்கத் தக்கவை.

தர்ஸ்டன் 1908 இல் பணி ஓய்வு பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தங்கி, அங்குள்ள செடிகொடிகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1922 இல் நூலாயிற்று. கடலோர ஊரான பென்சான்ஸில் 1935 இல் காலமானார்.